ஒரு நெசவாளி கண்ட முதல் மகாநாடு

2024ஆம் ஆண்டு நவம்பர் மாதம், தீபாவளி விற்பனை ஓய்ந்திருந்த நாட்களில், நூற்புத் தொழிலையும் நெசவுத் தொழிலையும் பற்றிக் கோயம்புத்தூரில் இரண்டு நாள் மகாநாடு ஒன்று கூடிற்று. ஈரோடு மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வேட்டி நெய்யும் எங்கள் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பிரதிநிதியாக அதற்குச் சென்று வரும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. ஐம்பத்து மூன்று வயது வரையில் தறிக்குழியே ஆசனமாக இருந்தவன் நான். மகாநாடு என்பதை அதற்கு முன் செய்தித்தாளில் படித்திருக்கிறேனே யன்றிக் கண்டதில்லை. திரும்பி வந்து பொதுச்சபையில் கூறியவற்றை மற்றச் சங்கங்களின் அங்கத்தினர்களும் அறியுமாறு எழுதும்படி நண்பர்கள் வற்புறுத்தியதனால் இதனை எழுதுகிறேன்.

என்னை அனுப்புவதென்று முடிவானது எளிதில் நடந்த காரியமன்று. பிரதிநிதிக் கட்டணம், பேருந்துச் செலவு, ஓரிரவு தங்கும் செலவு ஆகியவற்றைக் காரியதரிசி படித்த மாத்திரத்தில் நிர்வாகக் குழுவில் முணுமுணுப்பு எழுந்தது. "ஆலைக்காரர்கள் பேசுவதைக் கேட்க நம் பணத்தில் ஆள் அனுப்புவதா? அங்கே ஆங்கிலத்தில் பேசுவார்கள். இவருக்கு என்ன விளங்கும்?" என்றார் ஒருவர். அவர் கூறியதில் பொய்யொன்றும் இல்லை. போக வேண்டுமானால் காரியதரிசி போகட்டும் என்றார் மற்றொருவர். காரியதரிசியோ, "கேள்வி தறியில் இருந்து வந்திருக்கிறது, தறியில் இருப்பவரே போகட்டும்" என்று கூறிவிட்டார். அந்தக் கேள்வி என்னவென்று சொன்னாலன்றி மேலே கூறப்போவது விளங்காது.

எங்கள் சங்கத்தில் பாவு ஓடித் தயாராகக் கொடுக்கப்படும். ஊடைக்கு வேண்டிய 40ஆம் நம்பர் சிட்டா நூலை எடை போட்டுத் தருவார்கள். ஒரு பாவுக்கு 25 வேட்டி என்பது கணக்கு. 2024ஆம் ஆண்டு மழைக்காலம் தொடங்கியதிலிருந்து, பாவு மிஞ்சியிருக்கும்போதே ஊடை நூல் தீர்ந்து போவதாகப் பலரும் கூறலாயினர். இருபத்து மூன்று வேட்டி முடியும். இரண்டு வேட்டிக்கு நூல் இராது. சங்கத்தின் விதிப்படி குறைந்த நூலின் விலை கூலியில் கழிக்கப்பட்டது. கழித்த கூலியைக் காட்டிலும் அதனோடு சேர்ந்து வந்த பேச்சே கொடியது. நூலை வெளியில் விற்றுவிட்டார்கள் என்ற சொல் தெருவில் உலவத் தொடங்கிற்று. நாற்பது ஆண்டுகளாகத் தறியில் இருக்கும் கைம்பெண் ஒருவர், கூலி வாங்கும் நாளன்று என் முன்னே நின்று, "நான் நூலைத் தின்றேனா, தம்பி?" என்று கேட்டார். நிர்வாகக் குழுவில் ஒருவனாகிய என்னிடம் அதற்கு விடையில்லை.

மகாநாட்டுக்குப் புறப்படும்போது அந்த அம்மையாரின் வீட்டுக்குச் சென்று, அவருக்கு அளித்திருந்த கட்டிலேயே மிச்சமிருந்த ஆறு சிட்டங்களை வாங்கிக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துக் கொண்டேன். சாயமிட்ட கரைத்துணி ஒன்றையும் எடுத்துக் கொண்டேன். அதன் கதை பின்னர் வரும்.

முதல் நாள் காலையில் நான் அடைந்த அவமானங்களை மறைப்பதற்கில்லை. மண்டபத்தின் வாயிலில் விரிப்பு விரித்திருந்ததைக் கண்டு, கோயிலென்று கருதினேனோ கல்யாணவீடென்று கருதினேனோ, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே சென்றேன். குளிர்சாதனம் செய்த தரை பாதத்தைத் தைத்த பின்னரே மற்றவர்களுடைய கால்களை நோக்கினேன். எல்லாரும் காலணியோடு இருந்தனர். வெளியே ஓடி வந்து மாட்டிக் கொண்டேன். பெயர்ச் சீட்டைக் கழுத்தில் மாட்ட வேண்டும் என்பது தெரியாமல் சட்டைப்பையில் வைத்திருந்தேன். காவலர் இருமுறை நிறுத்தினார். நண்பகலில் இன்னும் வேடிக்கை. யாரேனும் வந்து "சாப்பிட வாருங்கள்" என்று அழைப்பார்கள் எனக் காத்திருந்தேன். நம் வழக்கம் அது. அங்கேயோ தட்டை எடுத்துக் கொண்டு தாமே சென்று வாங்கிக் கொள்ள வேண்டுமாம். வரிசை கரைந்து போகும் வேளையில் அதனை அறிந்தேன். முதன்முறையாகச் செல்லும் அங்கத்தினர்கள் இம்மூன்றையும் நினைவில் வைத்தால் என் பாடு அவர்களுக்கு வராது.

மண்டபத்தில் நிகழ்ந்த பிரசங்கங்களில் பாதி ஆங்கிலத்தில் இருந்தன. எனினும் எண்கள் எல்லா மொழிக்கும் பொதுவானவை. திரையில் தெரிந்த எண்களைக் குறித்துக் கொண்டு, தேநீர் வேளையில் பக்கத்தில் இருந்தவரிடம் பொருள் கேட்டறிந்தேன். 2009–10ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாடெங்கும் 43 இலட்சத்துக்கு மேற்பட்டிருந்த கைத்தறித் தொழிலாளர், 2019–20ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 35 இலட்சத்து 22 ஆயிரமாகக் குறைந்துள்ளனர். நூற்பாலைகள் தாம் விற்கும் நூலில் ஒரு பங்கைக் கைத்தறிக்கு உகந்த சிட்டமாகக் கட்டித்தான் தீர வேண்டும் என்று சட்டக் கட்டளை ஒன்று உண்டல்லவா? அந்தப் பங்கு முன்னர் 50 சதவிகிதமாக இருந்தது. 2003இல் 40 ஆயிற்று. 2019ஆம் ஆண்டு சனவரி முதல் 30 ஆயிற்று. தறிகள் குறைந்துவிட்டபடியால் இன்னும் குறைக்கலாம் என்பது ஆலைத்தரப்பின் வாதம். விசைத்தறிக்குக் கோன் நூல் இருக்கிறது. நமக்குச் சிட்டத்தை விட்டால் கதியேது என்பது கைத்தறித்தரப்பின் வாதம். இவ்வாறு எவ்வளவு நூல் என்பதைப் பற்றியே மணிக்கணக்கில் பேசினர். கட்டின்மேல் அச்சிட்ட நம்பரும் உள்ளேயிருக்கும் நூலின் நம்பரும் ஒன்றுதானா என்று மேடையில் எவரும் கேட்கவில்லை.

பேச்சாளர் ஒருவர் ராச்டேல் முன்னோடிகளைப் பற்றிச் சிறிது கூறினார். அவர் தமிழில் பேசினார். ஆதலால் முழுதும் விளங்கிற்று. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் நெசவு ஊரில், நெசவாளரும் பிற தொழிலாளருமாகிய 28 பேர் சேர்ந்து, 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் சிறு கடையொன்றைத் திறந்தனர். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் ஓட்ஸ் மாவும் மெழுகுவர்த்தியுமே அன்றைய சரக்குகள். கலப்படமற்ற பொருள், குறையாத எடை, சரியான அளவு என்பவை அவர்கள் கைக்கொண்ட நெறிகள். கூட்டுறவுப் பயிற்சி வகுப்பில் இதனைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆயினும் பையில் ஆறு சிட்டங்களை வைத்துக் கொண்டு கேட்கும்போது அது வேறுவிதமாக ஒலித்தது.

நண்பகல் உணவின்போது, தட்டைக் கையில் ஏந்தி நின்றவாறே உண்ணத் தெரியாமல் ஒரு தூணோரம் ஒதுங்கினேன். அங்கே என்னைப் போலவே ஒதுங்கியிருந்த ஒரு பெரியவரைச் சந்தித்தேன். அவர் பெரம்பலூர்ப் பக்கத்துப் பருத்தி விவசாயி. அவருக்கும் அதுவே முதல் மகாநாடு. பேச்சு வளர்ந்தபோது பையிலிருந்த கரைத்துணியை எடுத்துக் காட்டினேன். அரக்குச் சாயமிட்ட அத்துணியில் ஆங்காங்கே வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள் தெரியும். சாயக்காரர் சரியாக நனைக்கவில்லை என்று நாங்களும், நூலில்தான் குற்றம் என்று சாயக்காரரும் பல மாதமாக வழக்காடி வந்தோம். பெரியவர் கண்ணாடியை மாட்டிக் கொண்டு, ஒரு பொட்டை நகத்தால் கிள்ளி இழுத்து, விரலிடையே உருட்டிப் பார்த்தார்.

"இது பருத்தியே அல்ல, தம்பி. உரச்சாக்கின் பிளாஸ்டிக் நார். எங்கள் காட்டிலிருந்துதான் வந்திருக்கும்" என்றார்.

நான் திகைத்தேன். அவர் விளக்கினார். பருத்தி எடுக்கும் பெண்கள் மடியில் சேர்த்ததைப் பழைய உரச்சாக்கில் கொட்டுகின்றனர். வெயிலில் நைந்த சாக்கின் நார் பஞ்சோடு கலக்கிறது. சாக்கின் வாயைத் தைத்த நூலும் அப்படியே. கடைதலிலும் நூற்பிலும் அது இழையிழையாகப் பிரிந்து நூலுக்குள் புகுந்து கொள்கிறது. வெள்ளை நூலில் கண்ணுக்குத் தெரியாது. பருத்தி பற்றும் சாயத்தை அந்த நார் பற்றாது. ஆதலால் சாயமிட்ட பிறகே தன்னைக் காட்டிக் கொள்கிறது. "ஆலைக்காரர் சுத்தம் சுத்தம் என்று விலையில் கழிக்கும்போது எங்களுக்குக் கோபம் வரும். துணியில் இப்படி வந்து நிற்கும் என்று ஒருவரும் எங்களுக்குக் காட்டியதில்லை" என்று கூறி, அத்துணியில் ஒரு சாண் கேட்டு வாங்கிக் கொண்டார். ஊரில் பருத்தி எடுப்பவர்களுக்குக் காட்டுவதற்காம். துணிப்பைகளில் பருத்தி சேர்க்கும்படி அதிகாரிகள் எத்தனை முறை கூறினாலும் ஏறாதது, இந்த ஒரு சாண் துணியைக் கண்டால் ஏறும் என்றார். விளைவிப்போனும் நெய்வோனும் ஒரே தூணோரம் நிற்பது அரிது. நடுவே கடைசலாலை, நூற்பாலை, தரகர், சாயப்பட்டறை என்று எத்தனை பேர்! எங்கள் சாயக்காரரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. ஊர் திரும்பியதும் கேட்டேன்.

பிற்பகல் கூட்டத்தின் முடிவில், கேட்க விரும்புவோர் கேட்கலாம் என்றார் தலைவர். கை நடுங்கிற்று, எழுந்துவிட்டேன். "கட்டின்மேல் 40 என்று போட்டிருக்கிறது. உள்ளே 40 இல்லாவிட்டால் அதனைச் சங்கம் எப்படி அறிவது?" என்று தமிழிலேயே கேட்டேன். சிலர் திரும்பிப் பார்த்தனர். தலைவர் கோபிக்கவில்லை. மேடையிலிருந்து விடை கூறுவதைக் காட்டிலும், வெளியே கண்காட்சியில் பரிசோதனைக் கருவிகள் வைத்திருக்கும் இடத்துக்குச் சென்று நேரில் கண்டறியும்படி அன்போடு கூறினார். முதலில் இது தட்டிக் கழிக்கும் பேச்சென்றே நினைத்தேன். அவ்வாறு நினைத்தது தவறு.

கண்காட்சியில் இளம் பெண் பொறியாளர் ஒருவர் இருந்தார். "கொண்டு வந்திருக்கிறீர்களா, ஐயா?" என்பதே அவருடைய முதற் கேள்வி. காகிதத்தைப் பிரித்து ஆறு சிட்டங்களையும் மேசைமேல் வைத்தேன். அவர் செய்து காட்டியதை நம் அங்கத்தினர்கள் ஒவ்வொருவரும் அறிந்து வைத்தல் நலம். ஆதலால் சற்று விரித்தே எழுதுகிறேன்.

ஒரு சிட்டம் என்பது 840 கஜம். ஒரு ராத்தல் எடைக்கு எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுவே நூலின் நம்பர். 40 சிட்டம் நின்றால் 40ஆம் நம்பர். நூல் தடித்திருந்தால் 37 சிட்டமே நிற்கும். இது நாம் அறிந்ததே. சிட்டத்தில் ஏழில் ஒரு பங்காகிய 120 கஜத்தை லீ என்பர். ஒன்றரைக் கஜம் சுற்றளவுள்ள சிறு ராட்டையில் 80 சுற்றுச் சுற்றினால் சரியாக ஒரு லீ கிடைக்கும். அதனைக் கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் தராசில் நிறுத்து, 64.8 என்னும் எண்ணை அந்த எடையால் வகுத்தால் நம்பர் வந்துவிடும். உண்மையான 40ஆம் நம்பர் நூலானால் ஒரு லீ 1.62 கிராம் இருக்க வேண்டும். என் சிட்டங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு லீ சுற்றி நிறுத்துச் சராசரி கண்டார். 1.75 கிராம். வகுத்தால் 37.

எனக்கு நெஞ்சு பொங்கிற்று. இருபத்தைந்து வேட்டிக்கு இரண்டு வேட்டி குறைவது இதனால்தானே! நூல் கொடுத்தவரை என்ன செய்வது என்று அங்கேயே பேசத் தொடங்கிவிட்டேன். அந்தப் பெண்மணி சிரித்து, "பொறுங்கள், ஐயா. இந்த நூல் எங்கே இருந்தது?" என்று கேட்டார். அம்மையார் வீட்டில் ஒரு வாரம். அதற்கு முன் எங்கள் சங்கத்துக் கிடங்கில் என்றேன். கிடங்கு எப்படிப்பட்டது என்றார். ஓடு வேய்ந்தது, மேற்குச் சுவர் மழைக்கு ஓதம் காக்கும் என்றேன். பருத்தி ஈரத்தைக் குடிக்கும் தன்மையது. முற்றும் உலர்ந்த பருத்தி 100 கிராமுக்கு 8.5 கிராம் ஈரம் இருப்பதே வணிகத்தில் ஒப்புக்கொண்ட அளவு. ஓதம் மிகுந்த இடத்தில் அது மேலும் ஏறும். எடை கூடினால் நம்பர் குறைந்ததாகக் காட்டும். ஆகவே 27 டிகிரி வெப்பமும் 65 சதவிகித ஈரப்பதமும் உள்ள அறையில் நூலை வைத்து ஆறவிட்டு நிறுத்த வேண்டும் என்று கூறி, சிட்டங்களைப் பரிசோதனைக் கூடத்துக்கு எடுத்துச் சென்றார்.

அன்றிரவு விடுதியில் எனக்குச் சரியாக உறக்கம் இல்லை. கிடங்கின் மேற்குச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு வேண்டுமென்று இரண்டாண்டுகளுக்கு முன் வந்த மனுவைச் செலவு கருதித் தள்ளி வைத்தவர்களில் நானும் ஒருவன்.

மறுநாள் காலை விடை கிடைத்தது. ஆறவிட்ட பின் எடை 1.69 கிராம், நம்பர் 38.3. அந்தப் பெண்மணி காகிதத்தில் கணக்கிட்டுக் காட்டினார். இரண்டு வேட்டிக் குறைவில் ஏறத்தாழ ஒரு வேட்டி, நூல் தடித்திருந்ததனால் நேர்ந்தது. மற்றது எங்கள் கிடங்கின் ஈரத்தை நூலென்று எண்ணி எடை போட்டுக் கொடுத்ததனால் நேர்ந்தது. நெசவாளியின் கணக்கில் ஒன்றுமேயில்லை. "முன்பு நெய்த வேட்டியையும் இப்போது நெய்த வேட்டியையும் சேர்த்து நிறுத்துப் பார்த்திருந்தீர்களா? நூல் தடித்திருந்தால் வேட்டியின் எடையே சொல்லியிருக்குமே" என்றும் கேட்டார். நாங்கள் வேட்டியை எண்ணுவோம், அகலமும் நீளமும் பார்ப்போம், நிறுத்ததில்லை. இதற்கு ஒரு மகாநாடு வேண்டுமா என்று வாசகர்கள் கேட்கலாம். வீட்டிலேயே இருந்திருந்தால் இன்னும் இரண்டாண்டு கூலியைக் கழித்துக் கொண்டே இருந்திருப்போம் என்பதுதான் என் விடை.

ஒன்று சொல்ல மறந்தேன். ஆறு லீ போதாது, பல கட்டுகளில் எடுத்துச் சராசரி காண வேண்டும், சிறிது ஏற்றத்தாழ்வு எந்த ஆலையின் நூலிலும் இருக்கும், ஆகவே இவ்வளவை மட்டும் வைத்துக் கொண்டு யார்மீதும் குற்றம் சாட்டிவிட வேண்டாம் என்றும் அவர் எச்சரித்தார். முறைப்படி கட்டணம் செலுத்திச் சான்றிதழ் பெறுவதற்குக் கோயம்புத்தூரிலேயே 1956இல் தோன்றிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் இருக்கிறது. சாயம், வடிவமைப்பு முதலிய ஐயங்களுக்குச் சேலத்திலும் காஞ்சிபுரத்திலும் நெசவாளர் சேவை மையங்கள் உள்ளன. இவையெல்லாம் நமக்காகவே ஏற்பட்டவை. ஆயினும் எங்கள் சங்கத்தார் அவற்றின் படியேறியதில்லை.

ஊர் திரும்பிய பின் நடந்தவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன். பொதுச்சபை கூடிற்று. விளம்பரத் தாள்கள் நிறைந்த பையை எதிர்பார்த்திருந்தவர்களுக்கு நான் ஒரு துண்டுக் காகிதத்தை மட்டுமே காட்டினேன். தாள்களைப் பேருந்து நிலையத்திலேயே போட்டுவிட்டேன், கனம் தாங்கவில்லை. கிடங்கின் ஓதத்துக்கு நிர்வாகக் குழுவே பொறுப்பு என்று நான் கூறியபோது குழுவினர் சிலர் முகம் சுளித்தனர். வாக்குவாதம் இரவு பத்து மணி வரை நீடித்தது. முடிவில் மழைக்காலத்தில் கழித்த கூலியைத் திருப்பித் தருவதென்றும், கிடங்குச் சுவரைப் பூசுவதென்றும், பல கட்டுகளின் நூலைச் சோதித்துச் சான்றிதழோடு நூல் கொடுத்தவருக்கு எழுதுவதென்றும், சுற்று ராட்டை ஒன்று வாங்குவதென்றும் தீர்மானங்கள் நிறைவேறின. ராட்டை வாங்குவதற்கு மட்டும் மூவர் எதிராக வாக்களித்தனர். தராசுக்கு ஊர்ப் பொற்கொல்லர் உதவுகிறார். தங்கம் நிறுக்கும் தராசு நூலுக்கும் பொருந்துகிறது. இப்பொழுது ஒவ்வொரு கட்டு வந்ததும் திறந்து, ஒரு நாள் காற்றாட வைத்து, லீ சுற்றி நிறுத்து, ஏட்டில் எழுதிய பிறகே நூல் வழங்கப்படுகிறது. சான்றிதழோடு எழுதிய கடிதத்துக்கு நூல் கொடுத்தவர் இரண்டு வாரத்தில் விடை எழுதினார். அடுத்த அனுப்புகையில் வந்த நூல் 39.6 நின்றது.

கூலியைத் திரும்பப் பெற்றுக் கொண்ட அன்று அந்த அம்மையார் பணத்தை எண்ணவில்லை. முந்தானையில் முடிந்து கொண்டார். ஏட்டில் தம் பெயருக்கு நேரே இருந்த "நூல் குறைவு" என்னும் சொல்லை அடிக்க வேண்டுமென்று மட்டும் கேட்டார். காரியதரிசி சிவப்பு மையால் அடித்துக் கையெழுத்திட்டார்.

அடுத்து வரும் மகாநாட்டுக்கு அவரையே பிரதிநிதியாக அனுப்புவதென்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. இம்முறை செலவைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. அச்சேறும் பாவில் இழை அறுவது ஏன் என்பது அவர் கொண்டு போகும் கேள்வி. அறுந்த இழைகளை இப்பொழுதே ஒரு டப்பாவில் சேர்த்து வருகிறார். நேற்று மாலை என் வீட்டுக்கு வந்து, "அங்கே செருப்பை எங்கே விடுவது, தம்பி?" என்று விசாரித்தார். விட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.